புகாரே இல்லாத கிராஸ்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் மழை பிடித்தால் மற்ற தெருக்களில் குடை விரியும். ஒன்பதாவது கிராஸ் என்ற குறுக்குத்தெருவில் முப்பத்தெட்டாம் நம்பர் வீட்டுக் கதவு திறக்கும். பூப்போட்ட நைட்டி, அதன் மேல் மரியாதைக்கு ஒரு துண்டு, தலையில் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை, கையில் நுனி வளைந்த நாலடி இரும்புக் கம்பி. கேரல் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். மாடியில் இருப்பவர்கள் "ஆண்டி வந்தாச்சு" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கப் போய்விடுவார்கள்.

தெருவின் கடைசியில், தெருச் சாக்கடையான மோரி போய் ராஜகாலுவேயில் விழும் இடத்தில் குப்பையைத் தடுக்க ஒரு கம்பி ஜாலி உண்டு. ராஜகாலுவே என்பது ஊரின் மழைத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுசேர்க்க எந்தக் காலத்திலோ வெட்டிய பெரிய கால்வாய். ஏரியை மண் போட்டு மூடி ஆயிற்று. கால்வாய்க்கு அந்தத் தகவலை யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மழை வந்தால் சிப்ஸ் பாக்கெட், தேங்காய் மட்டை, ஒற்றைச் செருப்பு எல்லாம் அந்த ஜாலியில் வந்து கூடும். பத்து நிமிடத்தில் தண்ணீர் தெருவுக்குத் திரும்பும். ஜாலிக்கு மேல் ஐந்து கல் பலகைகள். ஐந்தில் எதை, எந்த மூலையில் கொக்கி போட்டு நெம்பினால் நகரும் என்பது கேரலுக்கு மட்டும் தெரியும். நகர்த்தி, கம்பியை விட்டுக் குப்பையை இழுத்துப் போட்டால் தண்ணீர் பெருங்குரலில் ஒரு உறிஞ்சு உறிஞ்சிக்கொண்டு இறங்கும். அப்புறம் அவர் வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்துவிட்டுக் காபி குடிப்பார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. மாநகராட்சிக்கு ஒரு போன்கூடப் போனதில்லை. போன் போட்டு, ஆள் வந்து, அந்த ஆள் கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு மழை முடிந்துவிடும் என்பது கேரலின் கணக்கு.

அவருடைய சுபாவமே அப்படி. விவேக் நகரில் பிறந்து, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து, ஒரு ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். கடைசிப் பதினைந்து வருடம் ஏழாவது லைனுக்கு சூப்பர்வைசர். லைனில் கோணல் தையல் வந்தால் ரிஜெக்ட் ஷீட்டில் எழுத வேண்டும் என்பது விதி. கேரல் எழுதமாட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானே உட்கார்ந்து பிரித்து, திரும்பத் தைத்து வைத்துவிடுவார். ஏழாவது லைன் பலகையில் எப்போதும் பூஜ்யம் இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆள்குறைப்பு வந்தபோது முதலில் ஏழாவது லைனில்தான் நாலு பேரை எடுத்தார்கள். பிரச்சினையே இல்லாத லைனுக்கு இத்தனை ஆள் எதற்கு என்றார் மேனேஜர். அந்த நாலு பேருடைய பெயரையும் கேரல் இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

முப்பத்தெட்டாம் நம்பர்தான் தெருவிலேயே தாழ்வான மனை. வாங்கும்போது தரகர் தாழ்வு என்ற சொல்லை உபயோகிக்கவில்லை. குளிர்ச்சியான மனை என்றார். கேரலின் வீட்டுக்காரர் ஹெர்பர்ட் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று முப்பது வருடம் கண்ணாடிக் குழாயில் பிள்ளைகளுக்குக் காட்டியவர். அது தன் வீட்டையே தேடி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

போன வருடம் ஆகஸ்டில் தெருக்கோடியிலிருந்த பழைய குடோன் காம்பவுண்டில் ஒரு பெரிய பலகை முளைத்தது. இரண்டு டவர், பதினெட்டு மாடி, முன்னூற்று முப்பத்தாறு வீடு, ஐந்நூறு கார். உள்ளே போகும் வழி ஒன்பதாவது கிராஸ். வெளியே வரும் வழியும் ஒன்பதாவது கிராஸ். இடையில் குறுக்கிடும் ராஜகாலுவேயைக் குழாய்க்குள் அடக்கி, மேலே கான்கிரீட் போட்டுப் பூந்தொட்டி வைத்துக் கார்ப்பாதை ஆக்குவதாகத் திட்டம். அப்படிச் செய்தால் ஜாலியும் ஐந்து கல்லும் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விடும். கேரலின் கம்பிக்கு அப்புறம் வேலையே இருக்காது, முப்பத்தெட்டாம் நம்பரின் கட்டில் மிதக்கும். பலகையில் நீச்சல்குளப் படமும் போட்டிருந்தார்கள். "நீச்சல்குளம் அவங்களுக்கு மேல, நமக்குக் கீழ" என்று கேரல் சொன்னதாகப் பேக்கரியில் பேசிக்கொண்டார்கள்.

ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. வார்டு ஆபீஸ் மாடியில் கூட்டம் போட்டார்கள். கட்டுமானக் கம்பெனியின் சார்பில் ஆராவமுதன் என்ற ஆலோசகர் லேப்டாப்போடு வந்திருந்தார். நல்ல மனிதர். எல்லாரையும் மேடம், சார் என்றார். யாராவது கத்தினால் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

முதலில் போக்குவரத்து. காலை எட்டு முதல் பத்து வரை ஒன்பதாவது கிராஸில் மணிக்கு அறுபத்தொரு வண்டிதான் போகிறது, ஆகவே இன்னும் ஐந்நூறு கார் தாங்கும் என்றார். சபை சிரித்தது. அந்த நேரத்தில்தான் பதினோராம் நம்பர் வீட்டு நிலத்தடித் தொட்டிக்குத் தண்ணீர் விட டேங்கர் வந்து நடுத்தெருவில் நிற்கும். பின்னால் பள்ளிக்கூட வேன், அதன் பின்னால் ஆட்டோ, அதற்கும் பின்னால் மெயின் ரோடு வரைக்கும் ஹாரன். கணக்கெடுக்க வந்தவர் கோட்டைத் தாண்டிய வண்டியைத்தான் எண்ணினார். தாண்ட முடியாமல் நின்ற வண்டிகள் கணக்கில் இல்லை. தெரு எவ்வளவு அடைத்துக்கொண்டதோ அவ்வளவு காலியாக ரிப்போர்ட்டில் தெரிந்தது.

பிறகு அகலம். வரைபடத்தில் முப்பது அடி. நிஜத்தில் இருபது. மீதிப் பத்தடி எங்கே போயிற்று என்று ஆராவமுதன் பணிவாகக் கேட்டபோது சபை சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு வீட்டு வாசலையும் படமெடுத்து வைத்திருந்தார். ஸ்கூட்டர் ஏறும் சரிவு, துளசிமாடம், செருப்பு அலமாரி. கடைசிப் படம் முப்பத்தெட்டாம் நம்பர். இரண்டு படிகள் மோரியின் மேலேயே உட்கார்ந்திருந்தன. கேரல் தன் படிகளைப் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது வடிகால். பத்து ஆண்டுகளில் இந்தத் தெருவிலிருந்து வந்த வெள்ளப் புகார்கள்: பூஜ்யம்.

வார்டு என்ஜினியர் நாகேஷ் சந்தோஷமாகத் தலையாட்டினார். வார்டிலேயே ஒரு கம்ப்ளெயின்ட்கூட இல்லாத ஒரே கிராஸ் இதுதான், மற்ற கிராஸ்களுக்கு இதைத்தான் உதாரணம் சொல்வதாகச் சொன்னார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மமதா எழுந்து, வருடா வருடம் முழங்கால் தண்ணீர் வருகிறது என்றார். பள்ளி ஆசிரியை, அவர் எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஆராவமுதன் ரெக்கார்ட் இருக்கிறதா மேடம் என்று கேட்டார். இல்லை. போட்டோ? அதுவும் இல்லை. செருப்பைத் தேடிப் போட்டு, போனைத் தேடி எடுத்து, கீழே வருவதற்குள் கேரல் தண்ணீரை இறக்கிவிட்டிருப்பார்.

சபை முழுக்கத் திரும்பி கேரலைப் பார்த்தது. நன்றியோடு பார்த்துப் பழகிய கண்கள் அன்று வேறு மாதிரிப் பார்த்தன. கேரல் திரையிலிருந்த பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பூஜ்யம் அவருக்கு முன்பே பழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் ஹெர்பர்ட் தோசை ஊற்றிக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேரல் சொன்னார்:

"இனிமே நான் கல்லை எடுக்கப்போறதில்லீங்க."

"மழை வந்தா?"

"வரட்டும். தெருவே போன் போடட்டும். நாம பூஜ்யம்னுதானே ஏறி மிதிக்க வர்றாங்க."

"கேரல், முதல்ல முழுகப்போறது நம்ம வீடு."

"அதான் நானே சொல்றேன். மாடிவீட்டுக்காரி சொன்னா அடிப்பாங்க."

மறுநாள் காலை ஒரு மேஸ்திரி வந்து முப்பத்தெட்டாம் நம்பரின் இரண்டு படிகளையும் சம்மட்டியால் உடைத்தார். அடுத்த கூட்டத்தில் அந்தப் படம் திரையில் வரக்கூடாது என்பது கேரலின் உத்தரவு. ஹெர்பர்ட் அன்றிலிருந்து ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு வீட்டுக்குள் ஏறினார். இதைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் உடைப்பார்கள் என்று மமதா எதிர்பார்த்தார். யாரும் உடைக்கவில்லை. ஒருவர் துளசிமாடத்தை ஆறு அங்குலம் உள்ளே தள்ளினார்.

ஆட்சேபத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. கேரல் வீடு வீடாகப் போனார். அடுத்த மழைக்கு நான் வரமாட்டேன், கட்டிலுக்குக் கீழே செங்கல் வையுங்கள், தரைவீட்டில் இருக்கும் பெரியவர்களை மாடிக்கு அனுப்புங்கள், வானம் கறுத்ததும் கரண்ட் மெயினை அணையுங்கள், அப்புறம் போன் போடுங்கள். மாநகராட்சி ஆப்பில் புகார் போடத் தெரிந்தவர்கள் ஆப்பில், தெரியாதவர்கள் நம்பரில். புகார் எண் வாங்காமல் போனை வைக்கக் கூடாது. ஏழாவது லைனில் டார்கெட் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போனார்.

சிலர் தலையாட்டினார்கள். சிலருக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டாம் நம்பரில் மளிகைக்கடை வைத்திருக்கும் முனிராஜ் இரண்டும் செய்யவில்லை, சிரித்தார். "நீங்களாவது, வராம இருக்கறதாவது. உங்க கை சும்மா இருக்குமா ஆண்டி?" என்றார். அவருடைய அரிசி மூட்டைகள் தரையிலேயே இருந்தன. கேரல் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. முனிராஜ் சொன்னதில் பாதி உண்மை.

மழை வரவில்லை. ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரில் மழை வராமல் பதினான்கு நாள் போனது. மேகம் வரும், சுற்றிப் பார்க்கும், அத்திபெலே பக்கம் போய்ப் பெய்யும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கேரல் முழங்காலில் நின்றார், ஆனால் மழையைக் கேட்கவில்லை. பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் மழை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் வேண்டும் என்று கேட்பது வரிசையைக் குழப்பும் என்று விட்டுவிட்டார்.

பதினைந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. வந்தது என்றால், பாக்கியை எல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தது.

கேரல் பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தார். கம்பியை மடியில் வைத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் ஜாலி அடைத்தது. இருபதாவது நிமிடம் தண்ணீர் பால் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று. உள்ளேயிருந்து ஹெர்பர்ட் குரல் கொடுத்தார்:

"பெட்ரூமுக்கு வந்துடுச்சு கேரல்."

"போன் போட்டீங்களா?"

"கட்டில் காலைத் தாண்டிடுச்சு."

"நம்பர் குடுத்தானா?"

"குடுத்தான்."

"எழுதி வைங்க. பென்சில்ல எழுதுங்க, பேனா கரையும்."

தெரு முழுக்க மாடியிலிருந்து அவரையே பார்த்தது. முழங்கால் தண்ணீரில் முனிராஜ் ஓடி வந்தார். மூன்று மூட்டை பொன்னி அரிசி நனைந்துவிட்டது. கம்பியைக் கொடுங்கள், நானே எடுக்கிறேன் என்றார். கேரல் உடனே கொடுத்துவிட்டார். எந்தக் கல் என்று அவர் கேட்கவில்லை, கேரலும் சொல்லவில்லை. முனிராஜ் ஐந்து கல்லையும் மாறி மாறி நெம்பிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. அவர் கம்பியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, வாய்க்கு வந்ததைப் பேசினார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தெருவில் யாரும் கேரலை அப்படிப் பேசியதில்லை. கேரல் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவ்வளவுதான், இப்போது எடுத்துவிடுவார் என்று மாடிகள் எல்லாம் நினைத்தன. அவர் முனிராஜின் கடைக்குப் போய், நனையாத மூட்டைகளை மமதாவோடு சேர்ந்து ஒவ்வொன்றாக மாடிப்படியில் ஏற்றினார். ஏற்றி முடித்துவிட்டு, தண்ணீரில் கம்பியைத் துழாவி எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டார்.

முனிராஜும் போன் போட்டார். கோபத்தில் மூன்று தடவை போட்டார்.

ஐந்தேகாலுக்கு நாகேஷ் வந்தார். அவர் ஜீப்பில்தான் வந்தார். ஆனால் மெயின் ரோட்டுத் திருப்பத்தில் டேங்கர், வேன், ஆட்டோ எல்லாம் சேர்ந்து நின்றதால், இறங்கி, பேண்டை மடித்துக்கொண்டு, ஒரு கையில் ஷூவோடு நடந்து வந்து சேர்ந்தார். வார்டு திரையில் ஒரே தெருவிலிருந்து அறுபத்து மூன்று புகார் சிவப்பாக மின்னுவதை அவர் அதுவரை பார்த்ததில்லை. நேராக நாற்காலிக்கு வந்தார்.

"ஏன்ம்மா, எப்பவும் நீங்கதானே எடுப்பீங்க. இன்னைக்கு ஏன் எடுக்கலை?"

"அது என் வேலையா சார்?"

கேரல் கம்பியை நீட்டினார்.

"இந்தாங்க. நீங்க எடுங்க."

"எந்தக் கல்லும்மா?"

"ரெக்கார்டைப் பாருங்க சார்."

மாடியில் யாரோ சிரித்தார்கள். நாகேஷ் கோபப்பட்டிருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஐந்து கல்லும் முழுகிக் கிடந்த பக்கம் பார்த்தார், கேரலைப் பார்த்தார், பிறகு பையிலிருந்து ஆய்வுப் படிவத்தை எடுத்தார். ஹெர்பர்ட் அதன் மேல் ஒரு குடையைப் பிடித்தார். தேதி, நேரம், இடம், தண்ணீரின் ஆழம். கேரல் வாங்கிப் படித்தார். சட்டைக் காலரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பவர் போலப் பார்த்துவிட்டு, வண்டி ஏன் உள்ளே வரவில்லை என்பது விட்டுப்போயிருக்கிறது என்றார். நாகேஷ் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேரல் அப்புறம்தான் எழுந்து போய், இடமிருந்து நாலாவது கல்லின் ஒரு மூலையில் காலை வைத்துக் காட்டினார். நாகேஷ் நெம்பி, குப்பையை இழுத்துப் போட்டார். தண்ணீர் இறங்கியது.

முப்பத்தெட்டாம் நம்பரில் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம். மெத்தை போயிற்று. குளிர்சாதனப் பெட்டி போயிற்று. ஹெர்பர்ட்டின் அப்பா காலத்து வானொலி போயிற்று. அது ஏற்கெனவே பாடாது என்பதால் அதைப் பற்றி அவர் மட்டும் வருத்தப்பட்டார்.

இரண்டாவது கூட்டத்துக்கு மேல் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஆராவமுதன் தயாராகவே வந்தார். அறுபத்து மூன்று புகாரும் ஒரே நாள், ஒரே மழை. இது அபூர்வமான மழை, திட்டமிட்டுக் கொடுத்த புகார். முந்தைய பத்து ஆண்டுக்கு இன்னும் பூஜ்யம்தான் என்றார். பேச்சில் தப்புச் சொல்ல முடியாது. மமதாவே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி புகார்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். நாகேஷ் படித்தார். வீட்டில் தண்ணீர், தெருவில் தண்ணீர், வண்டி மூழ்கியது, வீட்டில் தண்ணீர். சபைக்குத் தூக்கம் வந்தது. நாற்பத்தொன்றாவது புகாரில் நாகேஷ் நிறுத்தினார். பிறகு படித்தார்:

"முப்பத்தெட்டாம் நம்பர் கேரல் மேல் நடவடிக்கை எடுக்கவும். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு மழைக்கும் தெரு மூழ்கும்போது இந்த அம்மாதான் மோரிக் கல்லை எடுத்துத் தண்ணீரை விடுவார். இன்றைக்கு வேண்டுமென்றே எடுக்கவில்லை. என் மூன்று மூட்டை அரிசி போய்விட்டது. முனிராஜ், பன்னிரண்டாம் நம்பர்."

அதிகாரி அந்தத் தாளை வாங்கித் தானே ஒரு முறை படித்தார். புகார் கொடுத்தவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். கடைசி வரிசையில் முனிராஜ் எழுந்தார். கேரலோடு அவர் அன்றிலிருந்து பேசுவதில்லை. புகாரில் சொன்னது உண்மைதானா என்று கேட்டதற்கு, ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை, வேண்டுமானால் நாளெல்லாம் சொல்கிறேன் என்றார். சொன்னார். எந்த தசராவுக்குத் தண்ணீர் எத்தனை படி, எந்தத் தீபாவளிக்கு எந்த வாசல் வரை என்று, ஒவ்வொரு வருடமும் கேரல் எத்தனை நிமிடத்தில் வந்தார் என்பது உட்படச் சொன்னார். அவர் கேரல் மேல் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். நாகேஷ் ஆண்டுவாரியாக எழுதிக்கொண்டிருந்தார். பூஜ்யம் பக்கத்தில் பக்கம் பக்கமாக எழுத்து சேர்ந்தது.

இந்த அம்மா மேல் என்ன நடவடிக்கை என்று முனிராஜ் கடைசியில் கேட்டார். அப்படி நடவடிக்கை எடுக்க விதி எதுவும் இல்லை என்றார் அதிகாரி. கம்பெனியின் திட்டக் கோப்பைத் திருப்பி அனுப்பினார். மழை நாட்களில் வடிகால் ஆய்வு, டேங்கர் நிற்கும் நேரத்தில் போக்குவரத்து ஆய்வு, இரண்டும் புதிதாக முடியும்வரை கால்வாயைத் தொடக் கூடாது.

இது வெற்றி என்று சங்கத்தில் கேக் வெட்டினார்கள். கேரல் போகவில்லை. முனிராஜும் போகவில்லை. நனைந்த அரிசிக்கு அவர் இன்னும் கோபமாக இருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இருப்பதாகத்தான் கேரலும் சொல்கிறார்.

அடுத்த வாரம் ஆராவமுதன் தனியாக வந்தார். டேங்கருக்குப் பின்னால் நாற்பது நிமிடம் காரில் உட்கார்ந்துவிட்டு, காரை அங்கேயே விட்டு இறங்கி நடந்து வந்தார். முப்பத்தெட்டாம் நம்பருக்குப் படி இல்லாததால் வெளியிலேயே நின்றார். மெத்தை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கேரல் அதை ஒரு குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. நான் எங்க ஆளுங்ககிட்டப் பேசறேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். அந்தக் கால்வாய மூடினா தண்ணி எங்க போகும்? அதைச் சொல்லுங்க. ஐந்நூறு கார் இந்த டேங்கரைத் தாண்டி எப்படிப் போகும்? அதையும் சொல்லுங்க. சொல்லிட்டு எத்தனை மாடி வேணா கட்டுங்க."

"அதுக்கு ஸ்டடி பண்ணணும் மேடம்."

"பண்ணுங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

ஆராவமுதன் நோட்டை எடுத்து இரண்டு கேள்விகளையும் குறித்துக்கொண்டார். கேரல் தட்டுவதை நிறுத்திவிட்டு அருகில் வந்தார். எழுதியதைக் காட்டச் சொல்லிப் படித்தார். கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போடச் சொன்னார்.

"கேள்விக்கு எதுக்கு மேடம் கையெழுத்து?"

"கேட்டது யாருன்னு நான் போடறேன். பதில் இன்னும் சொல்லலைன்னு நீங்க போடுங்க."